கூர்க்கா வேடமும் குடியிருப்பின் வாசலும்

சத்யன் அந்திக்காடு இயக்கி, ஸ்ரீனிவாசன் எழுதிய மலையாள நகைச்சுவைப் படமான 'காந்திநகர் செகண்ட் ஸ்ட்ரீட்' 1986இல் வெளிவந்தது. வேலை கிடைக்காத இளைஞன் சேது (மோகன்லால்) நகரக் குடியிருப்பொன்றில் கூர்க்கா வேடமிட்டுக் காவலாளியாகிறான். இதனை 1988இல் பாலு ஆனந்த், சத்யராஜை நாயகனாக்கி 'அண்ணாநகர் முதல் தெரு' என்று தமிழில் எடுத்தார். பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் தமிழர் இவ்விரு மொழித் திரைக்கும் பார்வையாளர்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து நோக்கினால் இந்தச் சிரிப்பின் அரசியல் தெளிவாகிறது.

நாயகன் ஏன் சொந்தப் பெயரில் காவலாளியாகவில்லை? தன் மொழி பேசும் நடுத்தர வர்க்கத்தாரின் வாசலில் அவ்வேலையைச் செய்வது அவனுக்கு மானக்கேடு. அந்த வர்க்கச் சரிவை மறைக்கும் திரையே இன வேடம். குடியிருப்போரும் முகத்தைப் பார்ப்பதில்லை. சீருடை, தடி, உடைந்த இந்தி இவையே அவர்களுக்குப் போதும். பிரித்தானியப் படையில் 1815 முதல் சேர்க்கப்பட்ட கூர்க்காக்களின் பெயர், காலப்போக்கில் இந்திய நகரங்களில் இரவுக் காவலரைக் குறிக்கும் பொதுப்பெயரானது. தொழிலே இனமாகிவிட்ட இந்த வழக்கின் மீதுதான் கதை நிற்கிறது. உண்மையான நேபாளத் தொழிலாளியின் மானம் கதையின் கவலையாக இல்லை.

இதே வழக்கம் எல்லையின் இருபுறமும் உண்டு. தமிழ்ப் படங்களின் நகைச்சுவையில் மலையாளி பெரும்பாலும் தேநீர்க்கடை நாயர். மலையாளப் படங்களில் தமிழர் பலவேளை 'பாண்டி', 'அண்ணாச்சி'. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலம் பிறந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. அங்குள்ள தோட்டத் தமிழர், தாம் வாழும் மாநிலத்தின் திரையில் தம்மை அயலாராகவே கண்டனர்.

அவர்களின் வீட்டுச் சிக்கலும் வேறு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அதனால் வேலை முடிந்தால் லயத்து உரிமையும் முடிந்தது. தலைமுறைகளாக உழைத்தும் சொந்த மனை இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களைப் புதைத்தது. 70 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

காந்திநகரிலும் அண்ணாநகரிலும் வேடம் கலைந்தால் நாயகனுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்துவிடும். லயத்துத் தமிழருக்குக் கலைக்க வேடமில்லை. திரை அவர்களுக்குத் தந்த பெயர்தான் மிஞ்சுகிறது. தென்னிந்திய நகைச்சுவைப் படங்களின் வரலாற்றை எழுதுவோர், யார் சிரித்தார்கள் என்பதோடு யார் வீட்டு வாசலில் நின்று சிரித்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.