கல்கத்தாச் சீனரின் இரண்டு சமையல்கள்

பொழுது சாய்ந்ததும் நம்மூர்த் தள்ளுவண்டிகளில் செக்கச்செவேலென்று புரட்டப்படும் கோபி மஞ்சூரியனைச் சீன தேசத்துப் பதார்த்தமென்று நம்பி உண்போர் பலர். அதற்கும் மஞ்சூரியாவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்னும் சீனர் 1975 வாக்கில் பம்பாயில் ஆக்கியதாகச் சொல்லப்படும் சிக்கன் மஞ்சூரியனே பிற்பாடு காலிபிளவர் வேஷம் பூண்டு நம் தெருக்களை வந்தடைந்தது. அவரைப் பெற்ற கல்கத்தாச் சீன ஸமூகத்தின் சரித்திரமோ ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் நீளமுடையது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், டோங் அச்சூ என்ற சீன வியாபாரி, பஜ்பஜ்ஜுக்கு அருகே ஹூக்ளி நதிக்கரையில் 650 பிகா நிலத்தை வருஷத்துக்கு 45 ரூபாய் குத்தகைக்குப் பெற்று, கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலையொன்றை நிறுவி, அதில் உழைக்கத் தம் நாட்டாரைத் தருவித்தார். 1783-இல் அவர் காலமானார், ஆலையும் நிலைக்கவில்லை. ஆயினும் அவர் பெயராலேயே அச்சிப்பூர் என்று வழங்கும் அவ்வூரில், சிவப்பு வர்ணம் பூசிய அவரது ஸமாதிக்குச் சீனப் புத்தாண்டையொட்டிக் கல்கத்தாச் சீனர்கள் இன்றும் யாத்திரை சென்று, ஊதுவத்தி ஏற்றிப் படையலிட்டு வருகின்றனர்.

பின்னர் வந்தவர்களில் காண்டன் பிரதேசத்தார் தச்சுவேலையையும், ஹூபே பிரதேசத்தார் பல்வைத்தியத்தையும் ஜீவனோபாயமாகக் கொண்டனர். ஹக்கா இனத்தாரோ, மேல்ஜாதி ஹிந்துக்கள் தொடக் கூசிய தோல் தொழிலை மேற்கொண்டு, நகரின் கிழக்கெல்லையிலிருந்த டாங்ராவின் சதுப்பு நிலத்தில் குடியேறினர். தோல் பதனிடும் ஊரில் ருசியான சமையலும் செழிக்கும் என்பதற்கு நம் ஆம்பூரே சாக்ஷி.

1962-ஆம் வருஷத்து எல்லை யுத்தம் இந்த வாழ்வைக் குலைத்துவிட்டது. இந்த மண்ணிலேயே பிறந்து, சீனாவைக் கண்ணால் கண்டிராதவர்கள் உட்பட, தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் ஏறக்குறைய மூவாயிரம் சீன வம்சாவளியினர் ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். சிலர் வருஷக் கணக்கில் அங்கே கிடந்தனர். விசாரணையின்றிக் குடும்பம் குடும்பமாகச் சிறைவைத்த அச்செயலுக்கு யுத்த காலம் என்ற ஸமாதானம் போதாது. திரும்பியவர்களில் பலர் வீடும் கடையும் இழந்து கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறினர். எஞ்சியோரைப் பிழைக்கவைத்த தோல் தொழிலும், பதனிடும் சாலைகள் நகருக்கு வெளியே செல்லவேண்டுமென்று 1996-இல் ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தபின் டாங்ராவில் ஒடுங்கலாயிற்று. தோல் காய்ந்த கூடங்கள் பல போஜனசாலைகளாயின.

அங்கே பரிமாறப்பட்டது எது என்பதுதான் விசேஷம். உப்பிட்டுப் புளிக்கவைத்த கடுகுக்கீரையோடு பன்றியிறைச்சியைச் சேர்த்து நிதானமாக வேகவைக்கும் ஹக்காச் சமையல் வீட்டோடு நின்றுவிட்டது. வங்காளியின் நாவுக்கென்று பச்சைமிளகாயும் பூண்டும் ஸோயா ஸாஸும் தாராளமாகச் சேர்த்த சில்லி சிக்கன் வாடிக்கையாளருக்குப் போயிற்று. இதைக் கலப்படமென்று இகழ்வோரும் உண்டு. எனக்கு அது அந்நிய மண்ணில் வாழக் கற்றவர்களின் சாதுரியமாகவே தோன்றுகிறது. டாங்ராவின் சீனக் காளி கோவிலில் நூடுல்ஸும் பிரஸாதமாகின்றதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டொராண்டோவுக்குப் போன கல்கத்தாச் சீனர்கள் அங்கே ஹக்கா உணவு என்று பலகை மாட்டி விற்பது அந்தப் பழைய வீட்டுச் சமையலையன்று. பிறருக்காக ஆக்கிய சில்லி சிக்கனைத்தான். ஈழத் தமிழர் பெருவாரியாக வாழும் ஸ்கார்பரோவிலும் அத்தகைய கடைகள் நிறைந்திருக்கின்றன. ஊரை விட்டவர்களுக்கு, தாம் விற்ற சமையலே ஊரின் ஞாபகமாகிவிட்டது.

வீட்டுச் சமையலின் சாயலையேனும் காண விரும்பும் அன்பர்கள், கல்கத்தாவுக்குச் சென்றால், டிரெட்டி பஜாரில் ஸன் யாட் ஸென் பெயரைத் தாங்கிய தெருவுக்குப் போகலாம். ஆவியில் வேகவைத்த பாவ் என்னும் இறைச்சி பொதிந்த மாவுருண்டைகளும், மீனுருண்டை மிதக்கும் சூப்பும் அங்கே தெருவோரத்தில் விற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே போய்விட வேண்டும்; வெயில் ஏறியபின் சென்றால் வெறுங்கையோடுதான் திரும்ப நேரும்.