பிளாக்பள்ளியின் மண்ணும் நீரும்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை அங்கு விடாது வாட்டிய காய்ச்சலால் 1809-இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டபோது, அல்சூர் ஏரிக்கு அண்மையிலிருந்த மேட்டுநிலம் காற்றோட்டத்துக்காகவும் உயரத்துக்காகவும் பாசறைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. படையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ்ச் சிப்பாய்கள், சமையற்காரர்கள், வணிகர்கள், கூலியாட்கள் ஆகியோர் நெருக்கமாகக் குடியேறிய கடைத்தெருப் பகுதியே பிளாக்பள்ளி எனப்பட்டது. இன்றைய சிவாஜிநகர் அதுதான். பாசறைக்கு இடம் பார்த்தவர்கள் படைவீரனின் உடல்நலத்தை எண்ணினார்களேயன்றி, அப்படையை நம்பிப் பெருகப்போகும் மக்களின் கழிவை அந்த மண்ணால் எவ்வளவு காலம் தாங்க முடியும் என்று கேட்கவில்லை. பின்னாளைய இன்னல்களில் பெரும்பகுதி கேட்கப்படாத அந்தக் கேள்வியிலிருந்தே முளைத்தது.

பெங்களூரின் நிலம் மேலே செம்மண்ணும், அதன்கீழ் காலத்தால் சிதைந்து சரளைபோல் உதிரும் பாறையும், அதற்கும் கீழே வெடிப்புகள் ஓடும் கெட்டியான நைஸ் பாறையுமாக அமைந்தது. லால்பாக் குன்றாக வெளியே தலைகாட்டுவதும் இவ்வகைப் பாறையே. திறந்த கிணறுகள் பெரும்பாலும் சிதைந்த அடுக்கில் தேங்கும் நீரையே நம்பியிருந்தன, மலக்குழியிலிருந்து கசிவது இறங்குவதும் அந்த அடுக்கிலேதான். நீர் நிறையாத, துளைகளில் காற்று தங்கியிருக்கும் மண் போதிய ஆழம் இருந்தால் கிருமிகளை வடிகட்டியும் உயிர்ப்பொருளைச் சிதைத்தும் கழிவுநீரைப் பெருமளவு தூய்மையாக்கும். ஆனால் மழைக்காலத்தில் நீர்மட்டம் குழியின் அடியைத் தொட்டுவிட்டாலும், கசிவு பாறை வெடிப்பை அடைந்துவிட்டாலும், வடிகட்ட இடமே இல்லாமற் போகிறது. கழிவிலுள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி நீரில் கரைந்து செல்வதால் நல்ல மண்கூட அதை நிறுத்தி வைப்பதில்லை.

இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரச ஆணையம் 1863-இல் அளித்த அறிக்கை, அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் ஆண்டுதோறும் ஆயிரம் வீரர்களுக்கு 69 பேர் வீதம் இறந்துவந்ததை வெளிப்படுத்தியது. அந்த ஆணையத்துக்காக நிலைய அறிக்கைகளைப் படித்துக் குறிப்புகள் எழுதிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், பெங்களூரில் குடிநீராகப் பயன்பட்ட அல்சூர் ஏரிக்குள்ளேயே கடைத்தெருவின் சாக்கடை சென்று சேர்வதைக் கண்டித்தார். கழிவைத் தள்ளிவிடும் பள்ளமும் நீர் முகக்கும் ஏரியும் ஒன்றாயிருந்த அந்த ஏற்பாட்டை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட இயலாது, ஏனெனில் நீர் எத்திசையில் ஓடுகிறது என்பது அங்கு வாழ்ந்த எவருக்கும் தெரியாததன்று.

மண் தாங்காத சுமையை மனிதத் தோள்கள் தாங்கின. எடுப்புக் கழிப்பிடங்களிலிருந்து மலத்தை அள்ளி, தலையிலும் வண்டியிலும் ஊருக்கு வெளியே கொண்டுசெல்லும் வேலை சாதியின் பெயரால் ஒரு சாராரின் மேல் சுமத்தப்பட்டது. 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. 1898-இல் பிளேக் பரவியபின் ஃபிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. பழைய கடைத்தெருவின் நெருக்கமோ பெரிதும் அப்படியே நின்றது. முதலமைச்சர் தேவராஜ் அர்ஸின் அமைச்சரவையில் இருந்த பி. பசவலிங்கப்பா தலைச்சுமையாக மலம் எடுத்துச் செல்வதைத் தடைசெய்ய முன்வந்தது 1970-களில்தான் என்பது எத்தனை தலைமுறைகள் அச்சுமையின்கீழ் கழிந்தன என்பதைக் காட்டும்.

இதற்கிடையே அறிவியல் வேறொரு வழியில் முன்னேறியிருந்தது. காற்றுப்புகாத தொட்டியில் கழிவு தானாகவே கரைவதைப் பிரான்சின் மூராஸ் கண்டறிந்து 1881-இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் கேமரான் 1895 அளவில் அமைத்த தொட்டிக்குச் செப்டிக் டேங்க் என்ற பெயர் நிலைத்தது. தொட்டி கழிவைப் பாதியளவே பக்குவப்படுத்துகிறது, மீதி வேலை மண்ணுடையது. அம்மண்ணை அளக்க, நியூயார்க் மாநிலத்தின் ஹென்றி ரயான் 1926-இல் ஓர் எளிய சோதனையை வகுத்தார். குழி தோண்டி, அதன் மண்ணை நன்றாக நீரில் ஊறவைத்து, பிறகு நிரப்பிய நீர் ஓரங்குலம் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதே அச்சோதனை. மெதுவாக இறங்கினால் கழிவு மேலே ததும்பும். மிக விரைவாக இறங்கினால், குறிப்பாகப் பாறை வெடிப்புள்ள நிலத்தில், அது தூய்மையாகாமலே கிணற்றை அடையும். சிவாஜிநகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்திய அறிவியல் கழகத்துக்கு 1916-இல் வந்து சேர்ந்த கில்பர்ட் ஃபவுலர், மான்செஸ்டரில் உயிர்ப்பூட்டிய சேற்று முறை, அதாவது காற்றூட்டி வளர்த்த நுண்ணுயிர்களால் கழிவுநீரைத் தூய்மையாக்கும் முறை, உருவாகத் துணைநின்றவர். கழிவிலுள்ள நைட்ரஜன் வீணாகாமல் வயலுக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதை இந்நகரம் இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும்.

பின்னர் வந்த இந்தியத் தர விதிகள், செப்டிக் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கும் குடியிருக்கும் வீட்டிலிருந்து 6 மீட்டருக்கும் குறையாத தொலைவில் இருக்க வேண்டுமென்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய சிவாஜிநகரின் சந்துகளில் அந்த 6 மீட்டருக்குள் இன்னொருவரின் அடுப்பங்கரை வந்துவிடும். எனவே இத்தகைய இடத்துக்குப் பாதாளச் சாக்கடையே உரிய விடை. ஆயினும் 1964-இல் குடிநீர் வடிகால் வாரியம் அமைந்த பின்பும் கசியும் பழைய சாக்கடைக் குழாய் ஒவ்வொன்றும் நீளவாக்கில் கிடக்கும் உறிஞ்சுகுழியாகவே நடந்துகொள்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றின் மேற்பகுதியில் இறக்கப்படும் உறை வழக்கமாகச் சிதைந்த அடுக்கைக் கடந்து கெட்டிப் பாறையின் தலையில் நின்றுவிடுவதால், அந்த இணைப்பு இறுக அடைக்கப்படாத இடங்களில் மேலடுக்கின் கழிவுநீர் உறையின் ஓரமாகவே வழிந்து இறங்கி, நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து எடுக்கப்படும் நீரிலும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பை மீறிய நைட்ரேட் தோன்ற வழிசெய்கிறது.