உபரிப் பிரதி யாருக்குச் சொந்தம்?

ஒரே புத்தகம் உங்களிடம் இரண்டு பிரதிகள் சேர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒன்றைத் தோழனுக்குக் கொடுத்துவிடுவீர்கள். பதிப்பாளரின் அனுமதி வேண்டும் என்ற எண்ணமே உங்களுக்கு எழாது. ஆனால் அமெரிக்காவில் இந்த எளிய உரிமைகூட நீதிமன்றம் ஏறித்தான் உறுதிப்பட்டது. பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகம் 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை வெளியிட்டபோது, 1 டாலருக்குக் குறைத்து விற்பது பதிப்புரிமை மீறலாகும் என்று அதனுள்ளேயே அச்சிட்டிருந்தது. நியூயார்க்கிலுள்ள மேசி அங்காடி அதை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றபின் அதன் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்பாளருக்கு இல்லை என்று 1908-ல் தீர்ப்பாயிற்று.

கணிப்பொறி விளையாட்டுகள் வட்டுகளில் விற்கப்பட்ட காலத்திலும் இவ்வழக்கம் பெரும்பாலும் நீடித்தது. ஆடி முடித்த வட்டு நண்பனுக்குப் போகும், அல்லது பழைய பொருள் கடைக்குப் போகும். 2003-ல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்ற இணைய அங்காடியைத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. இங்கே நீங்கள் பெறுவது பொருள் அன்று. உங்கள் கணக்கில் ஏறும் ஓர் உரிமம் மட்டுமே. அதைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுக்க வழியில்லை.

இதில் 'உபரி' எப்படி வந்தது என்கிறீர்களா? 2007-ல் வால்வ் 'ஆரஞ்சு பாக்ஸ்' என்ற ஐந்து விளையாட்டுத் தொகுப்பை வெளியிட்டது. அவற்றுள் இரண்டு, பலர் முன்பே வாங்கியவை. அத்தகையோர் மிகுதிப் பிரதியை நண்பருக்குப் பரிசளிக்கலாம் என்று நிறுவனமே வழிசெய்தது. நியாயமான ஏற்பாடு எனலாம்.

2010-ல் வந்த 'ஹம்பிள்' தொகுப்பு இன்னும் தாராளமானது. விரும்பிய விலையைக் கொடுக்கலாம். ஒரு பகுதி அறக்கொடைக்கும் செல்லும். 1 சென்ட் கொடுத்தாலும் போதும் என்றிருந்தும், பதிவிறக்கங்களில் ஏறத்தாழ காற்பகுதி பணமின்றியே நடந்ததாக அதை நடத்தியவர்கள் மதிப்பிட்டனர்! பிற்பாடு ஸ்டீமில் ஏற்றிக்கொள்ளும் 'கீ' எனப்படும் எண்ணெழுத்துத் தொடர்களும் தொகுப்போடு வழங்கப்பட்டன. 2011 டிசம்பரில், ஸ்டீமின் பரிசுக் குலுக்கலில் பல கணக்குகளில் நுழைவதற்காகச் சிலர் 1 சென்ட் வீதம் தொகுப்புகளை வாங்கிக் குவித்தனர். விளைவு, கீ வேண்டுவோர் குறைந்தது 1 டாலர் செலுத்த வேண்டும் என்ற விதி பிறந்தது.

இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பாருங்கள். பதிவிறக்க இணைப்பை அனுப்பினால் பிரதி பெருகுகிறது. கொடுத்தவர் எதையும் இழப்பதில்லை. பயன்படுத்தாத கீயைக் கொடுத்தாலோ, ஒருவர் பெற, மற்றவர் இழக்கிறார். புத்தகத்தைக் கொடுப்பதற்கு இதுவே நெருங்கியது. எனவே, ஒப்பந்தம் தடுக்காத இடத்தில், தோழனுக்கு அதைக் கொடுப்பதில் குற்றம் காண எனக்குத் தோன்றவில்லை. முன்பின் தெரியாத சந்தையில் மலிவுக் கீ வாங்குவது வேறு கதை. திருட்டுக் கடன் அட்டையால் வாங்கிய கீயாக இருப்பின், வங்கி பணத்தைத் திரும்பப் பெறும்போது நட்டம் விற்றவர் தலையில் விழுகிறது. அங்கே வாங்குவதைவிடத் திருட்டுப் பிரதியை ஆடுங்கள் என்று 2019-ல் சில சிறு நிறுவனத்தார் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டனர்.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. பதிவிறக்கிய மென்பொருளின் நிரந்தர உரிமத்தையும் மறுவிற்பனை செய்யலாம், ஆனால் விற்றவர் தம் பிரதியைப் பயன்படாமற் செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் கூறியது. அதைப் பின்பற்றுவதுபோல், ஸ்டீம் விளையாட்டுகளை மறுவிற்பனை செய்யலாம் என 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டு வெறும் மென்பொருள் அன்று, இசையும் படமும் கலந்த படைப்பு என்று கூறி, 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டமோ மறுவிற்பனையைத் தொடவே இல்லை. கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்ற சொல்லை அங்காடிகள் பயன்படுத்தலாகாது என்கிறது, அவ்வளவே.