சார்ட்டர் பள்ளிகளும் பள்ளித் தேர்வு விவாதமும்

சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில் இயங்கி, உள்ளூர்க் கல்வி வாரியத்தின் அன்றாட நிர்வாகத்துக்கு வெளியே நடக்கும் அமெரிக்கப் பொதுப் பள்ளி. கட்டணம் கிடையாது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். பள்ளி நடத்த விரும்பும் ஆசிரியர் குழுவோ அறக்கட்டளையோ, மாநிலச் சட்டம் குறிப்பிடும் அமைப்போடு சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. அந்த ஒப்பந்தப் பத்திரம்தான் 'சார்ட்டர்'. வாக்குறுதி அளித்த தேர்ச்சியைக் காட்டாத பள்ளியை மூடலாம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு அரசு உதவிபெறும் பள்ளி நினைவுக்கு வரலாம். அங்கே அரசு கொடுப்பது பெரும்பாலும் ஆசிரியர் சம்பளம். சார்ட்டர் பள்ளிக்கோ மாணவர் தலைக்கு இவ்வளவு என்று பணம் வருகிறது. மாணவர் பள்ளி மாறினால் பணமும் கூடவே போகும். சண்டையில் பாதி இந்த ஏற்பாட்டிலிருந்து கிளம்பியதே. 2021 இலையுதிர் காலக் கணக்குப்படி ஏறத்தாழ 7,800 பள்ளிகளில் சுமார் 37 லட்சம் பேர் படித்தார்கள். நாட்டின் பொதுப் பள்ளி மாணவர்களில் இது 7 விழுக்காடு.

இந்த யோசனை பிறந்த இடம் பலருக்கு வியப்பளிக்கும். மாசசூசெட்ஸ் பேராசிரியர் ரே பட் எழுதி வைத்திருந்ததை 1988இல் நாடறியச் செய்தவர் ஆல்பர்ட் ஷாங்கர். அவர் ஆசிரியர் சங்கத் தலைவர். புதிய முறைகளை ஆசிரியர்களே சோதித்துப் பார்க்கும் சிறு பள்ளிகளைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார். 1991இல் மினசோட்டா முதல் சட்டத்தை இயற்றியது. 1992இல் செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. சில ஆண்டுகளிலேயே ஷாங்கர் அதிருப்தியாளர் ஆகிவிட்டார். இன்று ஆசிரியர் சங்கங்களே எதிரணியின் முன்வரிசை.

இதன் ஒன்றுவிட்ட உறவு, தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசு ஏற்கும் 'வவுச்சர்'. பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் அதை முன்மொழிந்தார். அதற்கு ஓர் அசிங்கமான இளமைப் பருவமும் உண்டு. கறுப்பினக் குழந்தைகளோடு சேர்ந்து படிப்பதைத் தவிர்க்க, வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளையே பூட்டி வைத்தது. வெள்ளையருக்கான தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை போனது. கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளியே இல்லை.

அதே கருவியை 1990இல் மில்வாக்கி நகரின் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் பாலி வில்லியம்ஸ் கையிலெடுத்தார். தம் தொகுதிப் பிள்ளைகள் மோசமான பள்ளிகளில் சிக்கிக் கிடப்பதாகச் சொல்லி, குடியரசுக் கட்சி ஆளுநரோடும் கைகோத்தார். வறுமைக் கோட்டின் 1.75 மடங்குக்கு மேல் வருமானம் உள்ள குடும்பத்துக்கு அந்த வவுச்சர் திட்டத்தில் இடமில்லை. பிற்காலத்தில் அந்த வரம்பைத் தளர்த்தியபோது கடுமையாக எதிர்த்தவரும் அவரே. 2022இல் அரிசோனா இத்தகைய உதவியை வருமானம் பார்க்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் திறந்துவிட்டது.

தமிழில் 'தேர்வு' என்ற சொல்லுக்குப் பரீட்சை, தெரிவு என்று இரண்டு பொருள். இந்த விவாதத்துக்கு அந்த இரட்டைப் பொருள் நன்றாகவே பொருந்துகிறது. குடும்பம் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறது என்பார்கள் ஆதரவாளர்கள். பள்ளிதான் குழந்தையை மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கிறது என்பார்கள் எதிர்ப்பாளர்கள். நுழைவுத் தேர்வு இல்லைதான். ஆனால் விண்ணப்பத் தேதியை அறிந்து, பேருந்து இல்லாத ஊரில் பிள்ளையைக் கொண்டுபோய் விடக்கூடிய பெற்றோர்தான் குலுக்கலுக்கே வருகிறார்கள். கண்டிப்பான பள்ளிகளில் இடைநீக்கம் அதிகம், இடையில் காலியாகும் இடங்களைச் சில பள்ளிகள் நிரப்புவதில்லை என்ற புகார்களும் உண்டு.

குலுக்கல் ஆய்வாளர்களுக்கு வரமாக வாய்த்தது. சீட்டு விழுந்தவரையும் விழாதவரையும் ஒப்பிட்டால் பெற்றோரின் அக்கறை இரு பக்கமும் ஒன்றே. வேறுபாடு பள்ளியால் வந்தது. இப்படிப் பொருளியலாளர் ஜோஷுவா ஆங்ரிஸ்ட் உள்ளிட்டோர் பாஸ்டனில் கணக்கிட்டபோது, சார்ட்டர் பள்ளிகளின் பலன் வியக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. நாடு முழுவதும் பார்த்தால் படம் மங்குகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழுவின் 2009 ஆய்வில், கணிதத்தில் 17 விழுக்காடு சார்ட்டர் பள்ளிகளே அருகிலுள்ள பொதுப் பள்ளிகளை மிஞ்சின. 37 விழுக்காடு பின்தங்கின. 2023இல் அதே குழு வெளியிட்ட ஆய்வில் சராசரி சற்றே முன்னேறியிருந்தது. இணையவழிப் பள்ளிகளைப் பற்றிப் பெரிய தகராறு இல்லை. அவற்றின் முடிவுகள் படுமோசம். ஓஹாயோவின் மிகப் பெரிய இணையவழிப் பள்ளி 2018இல் இழுத்து மூடப்பட்டது.

பாஸ்டன் அமைந்திருக்கும், சான்று வலுவாக இருந்த மாசசூசெட்ஸிலேயே, ஆண்டுக்கு 12 புதிய பள்ளிகள் வரை அனுமதிக்கும் யோசனையை 2016 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் தோற்கடித்தனர். பணக் கவலைதான் வென்றது. வகுப்பில் மூவர் வெளியேறினால் அவர்களுக்கான தொகை குறைகிறது. ஆசிரியர் சம்பளமும் கட்டடச் செலவும் அப்படியே நிற்கின்றன. அதே ஆண்டு, கறுப்பினத்தவரின் பழம்பெரும் உரிமை அமைப்பான என்ஏஏசிபி, புதிய சார்ட்டர் பள்ளிகளை நிறுத்தி வைக்கக் கோரியது. பிள்ளைகளை அங்கே சேர்த்திருந்த கறுப்பினப் பெற்றோர் பலர் அதற்கு மறுப்புத் தெரிவித்தார்கள்.

இந்தச் சோதனை முழு அளவில் நடந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ். 2005இல் கத்ரீனா புயல் அடித்த பிறகு பெரும்பாலான பள்ளிகளை மாநில அரசு எடுத்துக்கொண்டு, படிப்படியாகச் சார்ட்டர் அமைப்புகளிடம் ஒப்படைத்தது. 7,000க்கு மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்நகர நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பு அவர்கள். அந்த இடங்களில் வெளியூரிலிருந்து வந்த அனுபவமற்ற இளைஞர்கள் பலர் அமர்ந்தார்கள். மதிப்பெண்களும் பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதமும் கல்லூரி சேர்க்கையும் உயர்ந்ததாக டுலேன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஹாரிஸ் குழு காட்டியிருக்கிறது. மாணவர் தலைக்கான செலவு கூடியது, நிர்வாகச் செலவு அதைவிட வேகமாகக் கூடியது என்று காட்டியதும் அதே ஆய்வு மையம்தான்.

அண்டைப் பள்ளி என்ற ஒன்றே அங்கு மறைந்தது. நகரின் மறுகோடிப் பள்ளிக்குப் போக, விடியுமுன் பேருந்துக்காகத் தெருமுனையில் நிற்பது பல குழந்தைகளுக்கு வாடிக்கையானது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் பள்ளி மூடப்பட்டால் குடும்பம் மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். 2018இல் பள்ளிகளின் மேற்பார்வை உள்ளூர் வாரியத்துக்குத் திரும்பியது. 2024இல், ஒரு சார்ட்டர் பள்ளியின் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தபோது, வாரியம் வேறு நிறுவனத்தைத் தேடாமல் லியா சேஸ் பள்ளி என்ற பெயரில் தானே ஒரு பள்ளியைத் திறந்து நடத்தத் தொடங்கியது.