படகு மோட்டாருக்கு நியூட்ரல் வந்த வரலாறு

நீரில் செல்லும் யந்திரங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் வேகத்தையும் சக்தியையுமே வியந்து பேசுகிறார்கள். ஆனால் படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் அவுட்போர்டு மோட்டாரைப் பொறுத்தவரையில், யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படகு அசையாமல் நிற்க வேண்டும் என்ற மிகச் சாதாரணமான தேவை செவ்வையாக நிறைவேற ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன என்பதே எல்லாவற்றிலும் முக்கியமான விஷயமாக எனக்குத் தோன்றுகிறது.

நார்வேயில் பிறந்து, பாலப் பருவத்திலேயே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் குடியேறிய ஓலே எவின்ரூட், 1909-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் செய்தளித்த மோட்டார் ஒன்றரைக் குதிரைசக்தியும் சுமார் 62 பவுண்டு எடையும் உடையது. டிட்ராய்ட்டில் கேமரான் வாட்டர்மன் அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே இத்தகைய யந்திரத்தைச் செய்திருந்தாரெனினும், துடுப்புப் போடும் சிரமத்திலிருந்து சாமானிய ஜனங்களை விடுவித்த புகழ் எவின்ரூட்டையே சேர்ந்தது. அந்த மோட்டாரில் யந்திரத்துக்கும் நீருக்குள் சுழலும் விசிறிக்கும் இடையே தொடர்பைத் துண்டிக்கும் சாதனம் எதுவும் கிடையாது. ஆகவே மேற்சக்கரத்தின் கைப்பிடியைச் சுழற்றி யந்திரத்தைக் கிளப்பிய அதே கணத்தில் படகும் கிளம்பிவிடும். 1920-களில் வந்த சில மோட்டார்களில், மோட்டாரையே முழுவதுமாகத் திருப்பிப் படகைப் பின்னுக்கு ஓட்ட முடிந்தது. நிற்க வேண்டுமானால் யந்திரத்தை அணைப்பதுதான் வழி.

1949-இல் ஜான்சன் கம்பெனியார் வெளியிட்ட 10 குதிரைசக்தி மோட்டார், முன், பின், நியூட்ரல் ஆகிய மூன்று நிலைகளையும் ஒரே நெம்புகோலுக்குள் அடக்கிற்று. இதன் அமைப்பு அழகானது. மேலிருந்து இறங்கும் தண்டின் அடியிலுள்ள சிறு பல்சக்கரம், ஒன்றையொன்று எதிர்நோக்கும் இரு பல்சக்கரங்களை எப்போதும் எதிரெதிர்த் திசைகளில் சுழற்றிக்கொண்டே இருக்கும். அவை இரண்டும் விசிறியின் தண்டின்மேல் வெறுமனே சுழல்வன. அவற்றின் நடுவே, தண்டோடு சேர்ந்து சுழலுமாறும் அதன்மேல் முன்பின்னாக நகருமாறும் அமைந்த கிளட்ச் ஒரு பக்கம் பற்றினால் படகு முன்னேறும். மறுபக்கம் பற்றினால் பின்வாங்கும். எதையும் பற்றாமல் மத்தியில் நின்றால், அதுவே நியூட்ரல். இவ்வளவு தெளிவான வழி கிடைத்த பின்னரும், கார்ல் கீக்ஹேஃபரின் மெர்க்குரி கம்பெனி 1950-களின் பிற்பகுதியில் தன் பெரிய மோட்டார்கள் சிலவற்றில் கியரை விட்டுவிட்டு, யந்திரத்தையே நிறுத்தி எதிர்த்திசையில் மறுபடி கிளப்பும் முறையைக் கையாண்டது. துறையை நெருங்கும் வேளையில் யந்திரம் மறுபடி கிளம்பாவிட்டால் படகின் கதி என்னவாகும் என்று எண்ணும்போது, அம்முறை நிலைக்காமற் போனது நியாயமே என்று தோன்றுகிறது.

ஆனால் கியர் வந்ததோடு அபாயம் தீர்ந்துவிடவில்லை. நெம்புகோல் கியரில் கிடப்பதைக் கவனியாமல், பின்புறம் எழுந்து நின்று கயிற்றை இழுப்பவன், படகு திடீரெனப் பாயும்போது நிலைதடுமாறி நீரில் விழுகிறான்; ஆளற்ற படகோ வட்டமிட்டுத் திரும்பி, சுழலும் விசிறியுடன் அவன்மேலேயே வந்துவிடக்கூடும். இதைத் தடுக்கவே நியூட்ரல் பாதுகாப்பு அமைப்பு ஏற்பட்டது. கயிற்றால் கிளப்பும் மோட்டாரில், கியர் விழுந்திருக்கும்வரை ஒரு கொண்டி கயிற்றுருளையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டர் உள்ள மோட்டாரில், நெம்புகோல் நியூட்ரலில் நிற்கும்போது மட்டுமே ஒரு சிறு சுவிட்ச் மின்சாரத்தை அதற்குச் செல்லவிடும். அமெரிக்காவில் 1971-இல் படகுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதை அடுத்து ஏற்பட்ட விதிகள், 115 பவுண்டும் அதற்கு மேலும் உந்துவிசை தரவல்ல அவுட்போர்டு மோட்டார்களுக்கு இத்தகைய காப்பைக் கட்டாயமாக்கின.

உப்புக்காற்றில் சுவிட்ச் துருப்பிடிப்பதும், கியர் கேபிள் தளர்ந்து நியூட்ரல் நிலை சற்றே விலகிவிடுவதும் சகஜம். அப்போது சாவியைத் திருப்பினாலும் ஸ்டார்ட்டர் மௌனமாகவே இருக்கும். உடனே ஒரு துண்டு வயரை எடுத்துச் சுவிட்ச்சின் இரு முனைகளையும் இணைத்துவிடுவோர் உண்டு. கேபிளைச் சரிசெய்வதற்கோ புதிய சுவிட்ச் ஒன்றைப் பொருத்துவதற்கோ ஆகும் செலவு அற்பமானது. அந்த வயர் இருக்கும்வரை, படகு கியரில் கிளம்புவதைத் தடுக்க அந்த மோட்டாரில் வேறு எதுவும் இல்லை.