கொல்லைப்புறத்துப் பார்த்தீனியமும் கோதுமைக் கதையும்



கொல்லையில் முளைத்த ஒரு செடியைப் படமெடுத்து அனுப்பி, "சார், இது என்ன களை?" என்று நம் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். கேரட் இலைபோல் நறுக்கிய இலை, வரிவரியான தண்டு, உச்சியில் கொத்துக்கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ. சந்தேகமே இல்லை, பார்த்தீனியம்தான். மராட்டியில் இதற்குப் பெயரே 'கேரட் புல்'.

இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. பி.எல்.480 திட்டத்தில் வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்று பலரும் சொல்வார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். புனேயில் இதைக் கவனித்தது 1955-இல். அந்தத் திட்டத்தின்கீழ் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது 1956 ஆகஸ்டில். செடி முந்திக்கொண்டதே!

1951-லேயே அமெரிக்கா நமக்குக் கடனாகக் கோதுமை தந்தது. விதை அதில் வந்திருக்க இடமுண்டு. ஆனால் 1814-இல் வெளியான, ராக்ஸ்பர்க்கின் கல்கத்தா தோட்டச் செடிப் பட்டியலிலேயே இதன் பெயர் இருப்பதாகத் தாவரவியலாளர்கள் காட்டுகிறார்கள். ஆக, காலடி வைத்தது ஒரு காலம், காடாய்ப் பரவியது வேறொரு காலம். யாராவது ஒரு காரணம் சொன்னால், முதலில் அதன் தேதியைக் கேளுங்கள். வரலாற்றுப் பாடத்தின் சாரமே அதுதான்.

பரவியபின் விரட்டுவது எளிதாக இல்லை. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். ஆடுமாடுகள் பெரும்பாலும் சீண்டாது. மெக்சிகோவிலிருந்து இதன் இலையைத் தின்னும் வண்டை வரவழைத்து, 1984-இல் பெங்களூருப் பக்கம் விட்டார்கள். மழைக்காலத்தில் அது நன்றாகத் தின்கிறது. ஆனாலும் செடி ஒழியவில்லை.

அதனால் வீட்டில் நம் கைதான் வேலை செய்ய வேண்டும். பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூட ஒரு துணி அவசியம். தோல் அரிப்பும் இளைப்பும் இதனால் வரும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அருகே வேண்டாம். பூத்துவிட்ட செடியை எருக்குழியில் போடாதீர்கள், விதை மறுபடி தோட்டத்துக்கே திரும்பும். பிடுங்கிய இடத்தை வெறுமனே விடாமல் துலுக்கச் சாமந்தியோ ஆவாரையோ அடர்த்தியாக வளருங்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். புதுக்கன்று நிச்சயம் தலைகாட்டும். அதையும் விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்