பட்டிருப்புத் தொகுதியில் வாக்கும் பத்திரிகையும்

தேற்றாத்தீவு இலங்கையில் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே, எழுவான்கரையில் உள்ள ஊர். இது அடங்கும் பட்டிருப்புத் தேர்தல் தொகுதி வாவிக்கு அப்பால் படுவான்கரையின் போரதீவுப்பற்று வரை பரந்தது. 1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்தபோது, எழுத்தறியாதவரும் வாக்களிக்க வசதியாக வேட்பாளருக்கொரு நிறப்பெட்டி வைக்கப்பட்டது. பின்னர் சின்னங்கள் வந்தன.

தமிழ்ப் பத்திரிகைகள் கொழும்பிலிருந்தே வந்தன: 1930இல் வீரகேசரி, 1932இல் தினகரன். அரசியலில் ஆழமாக இறங்கியது, பின்னர் தமிழரசுக் கட்சியை நிறுவிய செல்வநாயகம் 1947இல் தொடங்கிய சுதந்திரன். அதை மட்டக்களப்பைச் சேர்ந்த எஸ். டி. சிவநாயகம் நடத்தினார், செ. இராசதுரையும் அங்கே பணியாற்றி, 1956இல் மட்டக்களப்பின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அச்சில் வந்த கருத்து வாசிகசாலையிலும் தேர்தல் மேடையிலும் வாய்ச்சொல்லாகியே பலரை எட்டியது. 1940இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வாக்காளரை ஆராய்ந்த லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினரும், வானொலியையும் பத்திரிகையையும் ஊன்றிக் கவனிக்கும் சிலர் வழியாகவே அவற்றின் கருத்து மற்றவர்களிடம் பரவுகிறது என்று கண்டனர்.

ஆயினும் பட்டிருப்பு எந்தப் பத்திரிகைக்கும் கட்டுப்பட்ட தொகுதியன்று. 1952இல் சுயேச்சையாக வென்ற சி. மூ. இராசமாணிக்கம் 1956இல் எதிர்மன்னசிங்கத்திடம் தோற்றார். தமிழரசுக் கட்சி வேட்பாளராக 1960 மார்ச்சில் மீண்டும் வென்று, கட்சித் தலைவராகவும் உயர்ந்தார். அப்படிப்பட்டவரை 1970இல் ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ். தம்பிராசா தோற்கடித்தார். நாடு முழுவதிலும் அக்கட்சிக்கு 17 இடங்களே கிடைத்த தேர்தல் அது! தமிழரசுக் கட்சியின் ஏடு சொன்னதற்கும் நாட்டில் வீசிய அலைக்கும் மாறாகத் தொகுதி தன் முடிவைத் தானே எடுத்தது. இம்மக்களின் அரசியல் அறிவைக் குறைத்து மதிப்பிடுவோர் இத்தேர்தலைக் கவனிக்க வேண்டும். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பூ. கணேசலிங்கம் வென்றார்.

அடுத்த பொதுத்தேர்தலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1982இன் சர்வசன வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிவிட்டது. 1989இல் விகிதாசார முறை நடைமுறைக்கு வந்தபோது மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டமாகியிருந்தது. பட்டிருப்பு அதன் மூன்று வாக்கெடுப்புப் பிரிவுகளில் ஒன்று. ஒரே கட்சியின் வேட்பாளர்களும் விருப்பு வாக்குக்காகத் தமக்குள் போட்டியிட்டனர். 2020இல் இராசமாணிக்கத்தின் பேரன் சாணக்கியன் நாடாளுமன்றம் சென்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி வெல்லாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு; அங்கே தமிழரசுக் கட்சி 3 இடங்களைப் பெற்றது.